கடிகாரத்துக்கு நின்ற வரிசை

வங்கிக்கு ஐம்பது வயது நிறைந்த அன்று காலையில், பெட்டிக்காரி அதன் வாசலில் பொரிந்துகொண்டு நின்றாள். அவள் பொரிவது புதிதல்ல. அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்துகிறவளுக்கு நாளுக்கு நாலு தடவையாவது கோபம் வர வேண்டும். இல்லாவிட்டால் காகித மில்காரனும் சோப்பு கம்பெனிக்காரனும் சேர்ந்து அவளையே மடித்து, பின் அடித்து, மேலே 'கவனமாகக் கையாளவும்' என்று அச்சுப்போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அவள் பிழைப்பு இதுதான். மில்லிலிருந்து காகித உருளை வரும். பணம் வந்து சேர்ந்தது என்று மில்லிலிருந்து போன் வந்தால்தான் லாரிக்காரன் கயிற்றை அவிழ்ப்பான். உருளைக் காகிதத்தை அலை அலையாக நெளித்து, பசை போட்டு ஒட்டி, வெட்டி, மடித்து, பெட்டியாக்கி சோப்பு கம்பெனிக்கு அனுப்புவாள். சோப்பு கம்பெனி பணம் தருவது இரண்டு மாதம் கழித்து. அதுவும் அங்கே இருக்கும் கணக்கருக்கு அன்று வயிறு சரியாக இருந்தால். போன பணத்துக்கும் வரும் பணத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் விழாமல் இருக்கத்தான் வங்கி. ஓ.டி. என்று பெயர். கணக்கில் சல்லிக்காசு இல்லாவிட்டாலும் ஒரு வரம்பு வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். சோப்புப் பணம் வந்ததும் அடைத்துவிடலாம். வட்டி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வெடுக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பட்டறை திறந்த நாளிலிருந்து அவள் ஒரு தவணை பிசகியதில்லை.

அன்று லாரி பட்டறை வாசலில் நின்றிருந்தது. சோப்பு கம்பெனி புது சோப்பு ஒன்றை விடப்போகிறது. பெரிய ஆர்டர். வாரக் கடைசிக்குள் பெட்டி போகாவிட்டால், பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டறை வைத்திருப்பவனுக்குப் போய்விடும். அவன் ஏற்கெனவே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். அவள் செய்ய வேண்டியதெல்லாம், பெரிய தொகை என்பதால் கிளைக்கு நேரில் வந்து ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, பணத்தை மில்லுக்கு அனுப்பச் சொல்வது. கால் மணி நேர வேலை.

வரிசையோ கதவைத் தாண்டி, படிகளைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தாள். மூன்று கவுன்ட்டர்களில் இரண்டின் முன்னால் 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகை. பலகைக்குப் பின்னால் இரண்டு ஊழியர்கள் கை கட்டி உட்கார்ந்து, சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் புது கோட்டில் அங்குமிங்கும் மிதந்துகொண்டிருந்தார். நடப்பது என்பது சாதாரண மனிதர்கள் செய்யும் வேலை.

"சார், ஆள் சும்மாதானே உக்காந்திருக்காங்க? அந்த ரெண்டையும் திறந்தா என்ன?"

"மேடம், மெதுவா." குரலைத் தாழ்த்தினார். "தலைமை அலுவலகத்துல இருந்து போட்டோகிராபர் வர்றார். வரிசை தெரு வரைக்கும் நிக்கணும். மக்கள் நம்ம மேல வெச்சிருக்கிற நம்பிக்கை படத்துல தெரியணும் இல்லையா?"

"தெரிஞ்சா?"

"பொன்விழா மலர்ல அட்டைப்படம்."

அவருக்கு மேலே ஒரு பெரிய பதாகை தொங்கியது: 'உங்கள் நம்பிக்கையே எங்கள் மூலதனம்.' இதை எழுதியவன் பெருமைக்காக எழுதினான். அது அப்பட்டமான உண்மை என்பதும், வங்கிக்கு வேறு பெரிய மூலதனம் கிடையாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வரிசையை இழுத்து வருவதற்கும் மேனேஜர் ஒரு வழி செய்திருந்தார். பாஸ்புக்கோடு வந்து பதிவு போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் வங்கியின் சின்னம் போட்ட சுவர்க் கடிகாரம் இலவசம். அந்தக் கடிகாரங்கள் வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்ததும் பெட்டிக்காரிக்கு இன்னும் கொஞ்சம் ஏறியது. அவை அவள் பட்டறையில் செய்தவை. கடிகாரக்காரன் இன்னும் காசு தரவில்லை.

வரிசையின் நடுவில் அவளுடைய அக்கா நின்றிருந்தாள். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வுப் பணம் முழுவதையும் இந்த வங்கியில்தான் நிரந்தர வைப்பாகப் போட்டிருந்தாள்.

"நீ எங்கக்கா இங்க?"

"கடிகாரத்துக்குடி. சமையலறையில இருந்தது நின்னுபோச்சு. காசு குடுத்தா வாங்குவாங்க?"

"பென்ஷன் வாங்குற ஆளு பேசுற பேச்சா இது?"

"பென்ஷன் வாங்குற ஆளுதான் இப்படிப் பேசணும். நீ போய் உன் வேலையைப் பாரு."

பெட்டிக்காரி கடைசியில் போய் நின்றாள்.

போட்டோகிராபர் வந்தார். ஏணி போட்டு ஏறினார். வரிசையை வளைக்கச் சொன்னார், நெருங்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். எதிரே சிக்னலில் ஒரு பஸ் நின்றது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க கூட்டம்?"

"பேங்க்ல. தெரு வரைக்கும் நிக்கிறாங்க."

"ரெண்டு கவுன்ட்டரை மூடிட்டாங்களாம். ஒண்ணுதான் இருக்கு."

"ஏணி மேல யாரு, பத்திரிகையா?"

"பின்ன? விஷயம் இல்லாம வருவாங்களா?"

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கடைசி இரண்டும்கூட வெறும் கேள்விகள்தான். பச்சை விழுந்து பஸ் போய்விட்டது. போகும்போது அந்தக் கேள்விகளையும் ஏற்றிக்கொண்டு போனது.

மதியத்துக்குள் வரிசைக்கு வருகிறவர்களின் முகம் மாறியிருந்தது. கடிகாரத்துக்கு வந்தவர்கள் அரட்டையடித்துக்கொண்டு வந்தார்கள். இவர்கள் பேசவில்லை. பாஸ்புக்கைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் எத்தனை தலை என்று பார்த்துக்கொண்டே வந்து நின்றார்கள். "கடிகாரத்துக்கா?" என்று முன்னால் நின்றவர் கேட்டார். "என்ன கடிகாரம்?" என்று பின்னால் வந்தவர் திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான். முன்னால் நின்றவர் முகமும் மாறியது. பின்னாலிருந்து முன்னால், ஒவ்வொரு முகமாக, விளக்கு அணைவதுபோல அணைந்துகொண்டே போனது.

பெட்டிக்காரி வரிசையை விட்டு விலகி அக்காவிடம் ஓடினாள். "ஒண்ணும் ஆகல அக்கா. நீ பாட்டுக்கு கடிகாரத்தை வாங்கிட்டுப் போ."

"மொத்தத்தையும் எடுக்கப்போறேன்."

"எதுக்கு? கடிகாரத்துக்குத்தானே வந்தே?"

"எல்லாரும் எடுக்கிறாங்களே."

"எல்லாரும் கடிகாரத்துக்கு வந்தவங்கதான்!"

"அது காலையில." அக்கா வாழ்நாள் முழுவதும் அமைதிகாக்கச் சொன்னவள். இப்போதும் நூலகக் குரலில்தான் பேசினாள். "பேங்க்ல ஒண்ணும் இல்லைன்னா ஏன்டி எல்லாரும் எடுக்கிறாங்க?"

"எல்லாரும் எடுக்கிறாங்கன்னு எல்லாரும் எடுக்கிறாங்க!"

"சரி. அப்படி எல்லாரும் எடுத்தா, கடைசியா நிக்கிறவனுக்கு இருக்குமா?"

பெட்டிக்காரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காரணம், அக்கா சொன்னது சரி. முட்டாள்தனமாகத் தொடங்கியதுதான், ஆனால் இந்த நேரத்தில் வரிசையில் நிற்பதுதான் புத்திசாலித்தனம். மூளை உள்ளவன் எல்லாம் வந்து நிற்பான். நின்றால் வங்கி காலி.

இதைச் சரிசெய்ய மேனேஜர் மைக்கைப் பிடித்தார். ஆண்டு விழாப் பேச்சுக்காக வாடகைக்கு எடுத்த மைக்.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! வங்கியில் பணம் இல்லை என்று பரவும் வதந்தியை யாரும் நம்ப வேண்டாம்!"

அதுவரை அப்படி ஒரு வதந்தியை யாரும் முழு வாக்கியமாகக் கேட்டிருக்கவில்லை. இப்போது ஒலிபெருக்கியில், சுத்தமான உச்சரிப்பில், மேனேஜர் வாயிலிருந்தே கேட்டார்கள். தெருவின் அந்தக் கோடியில் முடிதிருத்தும் கடையில் பாதி சவரத்தோடு இருந்த ஒருவர் துண்டோடு எழுந்து ஓடிவந்தார். தள்ளுமுள்ளு தொடங்கியது. மேனேஜர் பயந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். வங்கி ஷட்டர் பட்டப்பகலில் பாதி இறங்குவதைப் பார்த்தால், அந்த ஊரில் கணக்கே இல்லாதவன்கூட ஓடிவந்து கணக்கு திறந்து மூடுவான்.

அக்கா ஒருவழியாக உள்ளே போய், வைப்பை முன்கூட்டியே முறிப்பதற்கான கட்டணத்தைக் கட்டி, மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நோட்டுக் கட்டுகளை வைக்க அவள் கையில் பை இல்லை. கடிகாரத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடிகாரப் பெட்டிக்குள் பணத்தை அடுக்கியிருந்தாள். தங்கச்சி செய்த பெட்டி. நல்ல பெட்டி, மூலை பிரியவே இல்லை.

பெட்டிக்காரி உள்ளே போனபோது அவள் சீட்டு திரும்பி வந்தது. "ஓ.டி.ல இருந்து போற எல்லாத்தையும் தலைமை அலுவலகம் நிறுத்திடுச்சு" என்றார் ஊழியர். அவர் பல்லியைப் பார்த்தவர்களில் ஒருவர். மறுபடியும் அதைத்தான் பார்த்தார்.

அவள் மேனேஜர் அறைக்கதவைத் தட்டவில்லை, தள்ளினாள்.

"என் பணத்தை எதுக்கு நிறுத்துனீங்க?"

"உங்க பணம் இல்ல மேடம். அது வங்கியின் பணம். வரம்பு தற்காலிகமா..." கோட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "பாருங்க, இதுக்குப் பேரு நிதி இடையீடு. சேமிக்கிறவங்களுக்கும் கடன் வாங்குறவங்களுக்கும் நடுவுல நாங்க பாலமா நிக்கிறோம். சேமிக்கிறவங்க கேட்டா உடனே குடுக்கணும். அதனால..."

"அதனால?"

"கடன் வாங்குனவங்ககிட்ட நிறுத்தி வெக்க வேண்டியிருக்கு. ஒப்பந்தத்துல இருக்கு மேடம், 'கேட்ட உடனே திருப்பிச் செலுத்தத்தக்கது'ன்னு. நாங்க நெனச்சா குடுத்ததையே திருப்பிக் கேக்கலாம்."

"கேளுங்க! எங்க இருக்குன்னு நெனச்சீங்க?" மேசையில் கை வைத்துக் குனிந்தாள். "வெளிய நிக்கிறாங்களே, அவங்க பணம் உங்க இரும்புப் பெட்டியில தூங்குதுன்னு நெனச்சிட்டு. அது அங்க இல்ல சார். என் பட்டறையில அட்டையா அடுக்கி வெச்சிருக்கு. சோப்புக்காரன் தராத பாக்கியா இருக்கு. இதோ, இந்தக் கடிகாரப் பெட்டியா இருக்கு! என் அக்கா கேட்டா உடனே குடுக்கணும், உடனே குடுக்க என்கிட்ட பிடுங்கணும். அவளும் நானும் ஒரே வயித்துல பொறந்தவங்க. நடுவுல கோட்டு போட்டுக்கிட்டு நீங்க எதுக்கு?"

"அது கொஞ்சம் எளிமைப்படுத்தின பார்வை மேடம்."

"போட்டோவுக்காக ரெண்டு கவுன்ட்டரை மூடினது எந்தப் பார்வை?"

அதற்கு மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

லாரி உருளையோடு திரும்பிப் போனது. பட்டறையில் நெளிக்கும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவன், துடைத்த துணியால் முகத்தையும் துடைத்துக்கொண்டு, "அக்காகிட்ட கேட்டுப் பாரேன்" என்றான். மெஷின் ஓடும்போது அவன் பேசினாலும் கேட்காது, அதனால் பேசுவதில்லை என்று பழக்கமாகிவிட்டது. அவன் பேசினால் மெஷின் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா வீட்டில் புதுக் கடிகாரம் மாட்டியிருந்தது. அது நல்லபடியாகப் பின்னோக்கி ஓடாமல் இருந்தது, அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்லலாம். பணம் எங்கே என்று கேட்டதற்கு அக்கா குளியலறையைக் கண்ணால் காட்டினாள். துவைக்கும் மெஷினுக்குள், பெட்டியோடு. பக்கத்தில் அழுக்குத் துணி மலையாகக் குவிந்திருந்தது.

"உருளைக்கு மட்டும் குடு அக்கா. ரெண்டு மாசம். பேங்க் உனக்குக் குடுக்கிற வட்டியைவிட ஒண்ணு கூட்டித் தர்றேன். பேங்க்குக்கு நான் கட்டுறதைவிட எனக்குக் கம்மிதான். ரெண்டு பேருக்கும் லாபம்."

அக்கா காப்பி டம்ளரைத் துடைத்த இடத்தையே துடைத்தாள். "உனக்கா?"

"ஏன், எனக்கு என்ன?"

"பட்டறைல தீப்பிடிச்சா? சோப்புக்காரன் ஏமாத்துனா? உங்க வீட்டுக்காரர் கையை மெஷின்ல விட்டா?"

"இத்தனை வருஷமா உன் பணம் என்கிட்டதானேக்கா இருந்துச்சு? உன்கிட்ட வாங்கித்தான் அவன் எனக்குக் குடுத்தான்!"

"அது எனக்குத் தெரியாதே."

"தெரியாதப்போ நிம்மதியா தூங்குன."

"ஆமா. தெரிஞ்சா தூக்கம் வருமா?" அக்கா இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். "கோபப்படாம கேளுடி. பேங்க்ல குடுத்தா, நாளைக்கே போய் 'எடு என் பணத்தை'ன்னு மேசையைத் தட்டலாம். அந்தாளு மூஞ்சியைப் பத்தி எனக்கு என்ன? உன்கிட்ட குடுத்துட்டு எனக்கு ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா, உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கவா? நின்னா நீ சும்மா இருப்பியா? உன் வீட்டுக்காரர் எனக்குச் சாப்பாடு போடுவாரா?"

"ஊர்ல பாதிப் பேர்கிட்ட புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு அபராதம் போட்டவ நீ."

"அது அடுத்தவங்ககிட்ட. தங்கச்சிகிட்ட கேட்டா அதுக்குப் பேரு சண்டை."

பெட்டிக்காரி எழுந்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "உன் பணத்தோட சேத்து துணியையும் போட்டுத் துவை. ரெண்டும் வெளுக்கட்டும்" என்றாள். தெருவில் நடக்க நடக்கத்தான் உறைத்தது. இத்தனை காலம் வங்கிக்கு அவள் கட்டிய வட்டி, பணத்துக்கு மட்டும் இல்லை. அக்காவும் தானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கொடுத்து வாங்கிக்கொள்வதற்கான கூலியும் அதில் இருந்தது. அந்தக் கூலியை வாங்கிக்கொண்டவன், செய்ய வேண்டிய ஒரே வேலையைப் போட்டோவுக்காகக் கெடுத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவள் கோபத்தைக் குறைக்கவில்லை. சரியான ஆளின் மேல் கொண்டுபோய் நிறுத்தியது.

மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து பண வண்டி வந்தது. நோட்டுக் கட்டுகளைக் கண்ணாடிக்குப் பின்னால், மளிகைக்கடையில் சோப்பு அடுக்குவதுபோல அடுக்கிவைத்தார்கள். கண்ணால் பார்த்ததும் ஊருக்கு மூச்சு வந்தது. கொடுப்பான் என்று தெரிந்த பிறகு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. திரும்பி வருகிறவர்களுக்கு வட்டியில் அரை சதவீதம் கூடுதல் என்று அறிவித்தார்கள். அக்கா துவைக்கும் மெஷினைக் காலிசெய்துவிட்டு, அதே பெட்டியில் அதே பணத்தைக் கொண்டுபோய் அரை சதவீதம் கூடுதலுக்குப் போட்டாள்.

பெட்டிக்காரிக்கு ஒரு கடிதம் வந்தது. 'அண்மைக் காலத்தில் தங்கள் கணக்கின் இயக்கத்தில் ஏற்பட்ட தடங்கலைக் கருத்தில் கொண்டு' அவளுடைய வரம்பு மீண்டும் திறக்கப்படுகிறது, வட்டி மட்டும் இரண்டு சதவீதம் உயர்த்தப்படுகிறது. ஒப்புதல் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

தடங்கல். அவள் கணக்கில். அவள் அதை உரக்கப் படித்தாள், பிறகு இன்னும் உரக்கப் படித்தாள். மெஷின் ஓடாததால் பட்டறை முழுவதும் கேட்டது.

ஆர்டரில் பாதி பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மறுநாள் உருளை இறங்கினால் மீதிப் பாதி அவளுக்கு. இறங்காவிட்டால் அதுவும் போய், அடுத்த வருட ஆர்டரும் போகும், பட்டறைக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான். கையெழுத்துப் போட்டாலோ, பெட்டிக்கு மிஞ்சுகிற காசெல்லாம் அந்த இரண்டு சதவீதத்தில் போய்விடும். வங்கிக்காகப் பெட்டி செய்துகொண்டிருக்கலாம், மூச்சு விடுவது இலவசம். மேனேஜருக்குப் போன் செய்தாள். வட்டி விகிதம் தலைமை அலுவலகத்தின் கையில், தன் கையில் ஒன்றுமே இல்லை என்றார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை.

மறுநாள் காலை பட்டறைக்கு வந்த பெண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பசை காய்ச்சுகிற பெண், எல்லாரும் பசைக்காரி என்று கூப்பிடுகிறவள், மெதுவாகக் கேட்டாள். "அம்மா, உருளை வரலைன்னா நாங்க போய் சம்பளத்தை எடுத்துட்டு வந்துடவா? பேங்க்ல போட்டுட்டீங்கல்ல?"

போட்டிருந்தாள். முன்பு கையில்தான் கொடுப்பாள். ஓ.டி. வரம்பை உயர்த்திக் கேட்டபோது, புதுக் கணக்குகளின் இலக்கை எட்ட வேண்டும் என்று பட்டறை ஆட்கள் அத்தனை பேரையும் இந்த மேனேஜர்தான் கணக்குத் திறக்க வைத்திருந்தார்.

பெட்டிக்காரி கடிதத்தை மடித்தாள். பெட்டி மடிக்கிற அதே மடிப்பு, விளிம்போடு விளிம்பு.

"போங்க. எல்லாரும் போங்க. ஒருத்தி பின்னால ஒருத்தி நில்லுங்க. அவசரப்படாதீங்க. கொஞ்சம் எடுங்க, வெளிய வாங்க, நெனச்சா மறுபடி போய் நின்னு இன்னும் கொஞ்சம் எடுங்க."

பசைக்காரி சிரிப்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "மூஞ்சியை எப்படி வெச்சுக்கணும்?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரன் சம்பளம் கொண்டுவராத அன்னைக்கு எப்படி வெச்சுப்பே, அப்படி."

அவள் கணவன் துணியைக் கீழே வைத்தான். "அந்த பேங்க் விழுந்தா நாமளும் சேந்து விழுவோம்."

"தெரியும். நீங்க மில்லுக்குப் போய் லாரியைக் கூட்டிட்டு வந்து பேங்க் முனையில நிறுத்துங்க."

இப்போதும் ஒரு கவுன்ட்டர்தான் திறந்திருந்தது. போட்டோவுக்காக இல்லை. 'மெதுவாகக் கொடுக்கவும்' என்று மேலிடத்து உத்தரவு. பட்டறைப் பெண்கள் படிகளைத் தாண்டி, மருந்துக்கடை வரை நின்றார்கள். பேசவில்லை. பாஸ்புக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் எத்தனை தலை என்று பார்த்தார்கள். அதே சிக்னலில் அதே பஸ் வந்து நின்றது.

மேனேஜர் ஓடிவந்தார். இந்த முறை மிதக்கவில்லை.

"மேடம், இவங்க யாரு? எதுக்கு இப்படி நிக்கிறாங்க?"

"என் ஆளுங்க. சம்பளம் எடுக்க வந்திருக்காங்க. நீங்க திறந்து குடுத்த கணக்குதான். மக்களோட நம்பிக்கை தெரு வரைக்கும் நிக்குது பாருங்க. போட்டோக்காரரைக் கூப்பிடலையா?"

அவர் பஸ்ஸைப் பார்த்தார். பஸ் அவரைப் பார்த்தது. "உள்ள வாங்க மேடம்."

தலைமை அலுவலகத்தின் கையில் இருந்த வட்டி விகிதம், வாசலிலிருந்து அவர் அறைக்குப் போகிற தூரத்துக்குள், அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பழைய வட்டி, பழைய வரம்பு. 'கிளை மேலாளரின் தனி விருப்புரிமையின்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மில்லுக்கான சீட்டையும் அங்கேயே முடித்துக்கொடுத்தார். அவர் காலடியில் பொன்விழா மலர் கட்டுக் கட்டாகக் கிடந்தது. அட்டையில் வரிசை அழகாக வளைந்திருந்தது.

"இப்போ அவங்களைப் போகச் சொல்றீங்களா?"

பெட்டிக்காரி வெளியே வந்து, பசைக்காரியைப் பார்த்துத் தலையசைத்தாள். பட்டறைப் பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து நடந்தார்கள்.

வரிசை குறையவில்லை.

பெண்கள் விலகிய இடத்தில் வேறு ஆட்கள் நின்றிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், மருந்துக்கடைக்கு வந்தவர்கள், அன்று பாதி சவரத்தோடு ஓடிவந்தவர் இந்த முறை முழுச் சவரத்தோடு, அவர் பின்னால் முடிதிருத்தும் கடைக்காரரே. எல்லாருக்கும் நடுவில், கையில் காலி கடிகாரப் பெட்டியோடு அக்கா.

"நீ எதுக்கு இங்க?"

"நீதான் உன் ஆளுங்களை வெச்சு எடுத்துட்டு இருக்கியாமே. பேங்க்கோட உள் விஷயம் உனக்குத் தெரியாம இருக்குமா? சொந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"அய்யோ, அது சும்மாக்கா! மேனேஜரை மிரட்டுறதுக்கு!"

"நீ சொல்லுவ. போன தடவையும் ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்ன. கடைசியில உன் பணத்தையே நிறுத்திட்டான்."

கையெழுத்து மை இன்னும் காயவில்லை. அது காய்வதற்குள் தலைமை அலுவலகம் மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்தும். அவள் கூட்டிய வரிசையே அவள் உருளையைத் தின்றுவிடும். மைக் பிடித்து விளக்க வேண்டுமா? மேனேஜர் பிடித்த பலனைத்தான் பார்த்தாளே. அவள் திரும்பி, கதவைத் தள்ளி, அத்தனை வருடத்துக் கோபத்தையும் ஒன்றாகத் திரட்டிக் கத்தினாள்.

"மூணு கவுன்ட்டரையும் திறய்யா!"

"மேடம், மெதுவா குடுக்கணும்னு உத்தரவு..."

"மெதுவா குடுக்கிறதாலதான்யா வரிசை! வரிசையாலதான்யா பயம்! கோட்டைக் கழட்டிட்டு உக்காரு!"

'யா' போட்டுத் தன்னை யாரும் அழைத்து மேனேஜருக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த அதிர்ச்சியிலேயே கோட்டைக் கழற்றினார். பல்லி பார்க்கும் ஊழியர் ஒரு பலகையை எடுத்தார். இன்னொரு பலகையை எடுத்துவிட்டு மேனேஜரே உட்கார்ந்தார். நோட்டைத் தொட்டு வருடங்களானவர். முதல் கட்டை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டு, மறுபடி ஆரம்பித்து, கடைசியில் எண்ணும் மெஷினில் தலைகீழாக வைத்தார். ஆனாலும் வரிசை மூன்றாகப் பிரிந்தது. மருந்துக்கடைக்கு இந்தப் பக்கம் வந்தது. படியேறியது. உள்ளே போனது. சற்று நேரத்தில் வெளியே நிற்க ஆளே இல்லை. சிக்னலில் வந்து நின்ற அடுத்த பஸ்ஸில் எல்லாரும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மேனேஜரின் கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தாள்.

"எவ்வளவு எடுக்கணும்மா?"

"இருக்கா?"

"இருக்கு."

"மொத்தமும்?"

"மொத்தமும் இப்பவே தர்றேன்."

அக்கா பாஸ்புக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அப்போ வேண்டாம். கூடுதல் அரை சதவீதத்தை எதுக்கு விடணும்?" பிறகு பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்க குடுத்த கடிகாரம் நின்னுடுச்சு. வேற இருந்தா இதுல போட்டுக் குடுங்க."

இருவரும் வெளியே வந்தார்கள். அக்கா வெற்றி பெற்றவளைப் போல மூச்சை இழுத்துவிட்டாள். "பாத்தியா, என் பணம் பத்திரமா உள்ளே இருக்கு. நீதான் சும்மா கத்துற."

முனையில் நின்றிருந்த லாரி உறுமியது. மில்லிலிருந்து போன் வந்துவிட்டது. பெரிய பெரிய காகித உருளைகளோடு அது திரும்பி, வங்கி வாசலைக் கடந்து, பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறி, பட்டறைப் பக்கம் போனது. டிரைவருக்குப் பக்கத்தில் அவள் கணவன் கையசைத்தான்.

பெட்டிக்காரி விரலை நீட்டினாள். "அதோ போகுது பாரு உன் பணம்."

"எங்கே?"

"அந்த லாரியில. அத்தனையும் உன்னுது. நல்லா பாத்துக்க."

அக்கா வங்கியைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். அடுத்த பள்ளத்தில் உருளைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கடிகாரப் பெட்டி கையிலிருந்து நழுவுவதைக்கூடக் கவனிக்காமல், வாழ்நாள் முழுவதும் அமைதிகாக்கச் சொன்ன அக்கா, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள்.

"ஏய், அந்தக் கயிறு தளர்வா இருக்குடி! நிறுத்தச் சொல்லு அவனை!"

"நீயே சொல்லு. உன் பணம்தானே" என்றாள் தங்கச்சி. அக்கா ஓடுவதை அங்கேயே நின்று பார்த்தாள்.